ஆமென் சொல்லாமல் வைத்த ஜெபம்

ஜெபத்தை ஆரம்பித்துவிட்டு ஆமென் சொல்ல மறுத்தவன் நம் சபையில் நான் ஒருவன்தான். அதைச் சொல்லத்தான் இன்றைக்கு எழுந்து நிற்கிறேன். உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டேன்.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம், பங்குனி மாதம். ஓமலூருக்குப் பக்கத்தில் எனக்கு அரை ஏக்கர் மல்லிகைத் தோட்டம். ஊருக்குள் வாந்திபேதி புகுந்தது. என் மனைவி எஸ்தர் பிள்ளை பெற்று இருபது நாள்தான் ஆகியிருந்தது. அவளுக்கும் கண்டது. மூன்று நாள் முழங்காலில் நின்று கேட்டேன். எதையும் கேலி செய்கிற வாய் எனக்கு; சிரிப்பு வராமல் நான் செய்த முதல் ஜெபம் அது. நான்காம் நாள் காலையில் எஸ்தர் போய்விட்டாள்.

குழிமேட்டில் உபதேசியார், "எல்லாம் அவர் சித்தம். ஆமென் சொல்லுங்க" என்றார். வந்திருந்த நாலு பேரும் சொன்னார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஏனுங்க, நீங்க சொல்லலீங்களா?"

"மனசு வரலீங்க. பொய் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

மறுநாள் விடிந்ததிலிருந்து பிள்ளை அழுதாள். ஆட்டுப்பாலில் துணித்திரியை நனைத்து வாயில் வைத்தேன், கக்கினாள். பாட்டுப் பாடினேன், இன்னும் அதிகமாக அழுதாள். அது நியாயம்தான். பால் கொடுக்கிற பெண்கள் எங்கள் தெருவில் இரண்டு பேர் இருந்தார்கள். பேதி கண்ட வீடென்று வாசலைக்கூட மிதிக்கவில்லை. அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தன, குற்றம் சொல்லமாட்டேன். மத்தியானம் அழுகையும் சுருங்கி வெறும் முனகலாகிவிட்டது.

அப்போதுதான் மறுபடி ஜெபித்தேன். முழங்கால் போடவில்லை.

"ஆண்டவரே, எஸ்தரை எடுத்துக்கிட்டீரு. அதுக்கு உம்மகிட்ட எனக்குச் சண்டை இருக்குது, அப்புறம் பேசிக்கலாம். இவளுக்குப் பொழுது சாயறதுக்குள்ள தாய்ப்பால் வேணும். வர்ற வரைக்கும் ஆமென் சொல்லமாட்டேன். உம்மை உட்டுட்டும் போகமாட்டேன்."

ஆமென் சொல்லாததால் ஜெபம் முடியவில்லை. அதற்குப் பிறகு நான் ஆட்டைத் திட்டியது, வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு கத்தியது எல்லாமே ஜெபத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

வெயில் தாழும்போது வேலிப் படலைத் தட்டும் சத்தம் கேட்டது. அரை மைல் தள்ளிப் பண்ணயம் பார்க்கிற செங்கோடன் நின்றார்.

"மல்லியப்பூ கொஞ்சம் வேணுமுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாரூட்டுக் கண்ணாலமுங்க? எம்பொண்டாட்டிய நேத்துத்தான் பொதைச்சேன். பூவுமில்ல ஒண்ணுமில்ல. போங்க!"

அவர் போகவில்லை. "கண்ணாலமில்லீங்க. எங்க பையனும் முந்தாநேத்துப் போயிட்டானுங்க. மூணு மாசம். எம்பொண்டாட்டிக்குப் பால் கட்டிக்கிட்டுக் காய்ச்சலா கெடக்கறா. மல்லியப்பூ வெச்சுக் கட்டுனா வத்திப்போயிருமுன்னு எங்கம்மா சொன்னாங்க."

யோசித்துப் பாருங்கள். ஜெபம் இன்னும் முடியவில்லை. அதற்குள் வந்த பதிலைப் படலோடு விரட்டப் பார்த்தவன் நான்.

உள்ளே பிள்ளை முனகினாள். அவர் காதிலும் விழுந்தது.

"பூத் தரமாட்டனுங்க," என்றேன். "ஒரு மொட்டுக்கூடத் தரமாட்டேன். உங்கூட்டுக்காரம்மாகிட்ட, இங்க ஒரு புள்ள பசியோட கெடக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

செங்கோடன் திரும்பிப் போனார்.

பொழுது இறங்கியது. முதலில் செங்கோடனின் அம்மா குரல்தான் வந்தது. "பேதி வந்த ஊடுடீ! அதும் வேதக்காரனூடு!"

முன்னால் செங்கோடனின் மனைவி பாவாயி, காய்ச்சலோடு, சுவரைப் பிடித்து நடந்து வந்தாள். "நம்மூட்டுக்குந்தான் வந்துது அத்தே. இனி எங்கிட்ட எடுத்துட்டுப் போக என்ன இருக்குது?" என்றாள். என் பக்கம் திரும்பி, "புள்ளயக் குடுங்கண்ணா" என்றாள்.

கொடுத்துவிட்டு வெளியே மல்லிகைப் பாத்தியில் போய் நின்றேன். உள்ளே பிள்ளையின் முனகல் நின்றது. பாவாயியின் அழுகை ஆரம்பித்தது.

அப்போது சொன்னேன் ஆமென். நான் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற அவள் மாமியார் வெற்றிலைப் பையைக் கீழே போட்டுவிட்டார். பொறுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தவர், "தலையத் தூக்கிப் புடிடீ, புரையேறிக்கும்" என்றார்.

ஒன்றரை வருஷம் பாவாயி தினமும் வந்தாள். அந்த மகள்தான் இதோ பின்வரிசையில் உட்கார்ந்து, அப்பன் எப்போது முடிப்பான் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பாவாயிதான் அம்மா. பாவாயி நம் சபைக்கு வந்ததில்லை. அவளை அனுப்பியது யார் என்று உபதேசியாரைக் கேட்டால், "ஆண்டவர்தான்" என்று சொல்லிவிட்டுத் தொண்டையைக் கனைத்துக்கொள்வார்.

என் வாய் இன்னும் அப்படியேதான். ஆனால் அன்றிலிருந்து பேதி கண்ட வீட்டு வாசலை நான் தாண்டிப் போனதில்லை, உள்ளே போய்விடுவேன்.

எஸ்தரை ஏன் எடுத்தீர் என்ற ஜெபத்துக்கு இன்னும் ஆமென் சொல்லவில்லை. பதினைந்து வருஷமாக அதற்குள்தான் குடியிருக்கிறேன். அவரும் கூடவே இருக்கிறார். துக்கத்தோடு வந்திருக்கிறவர்களே, மனசில்லாமல் ஆமென் சொல்லாதீர்கள். சண்டை போடுங்கள். எழுந்து மட்டும் போய்விடாதீர்கள். யாராவது படலைத் தட்டினால், விரட்டுவதற்கு முன்னால் எதற்கு வந்தார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.