சுந்தரேஸ்வரி விளக்கிய தொட்டி

சுந்தரேஸ்வரிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், பிறகுதான் வாய் திறக்கும். அந்த வியாழக்கிழமை காலை பங்கு மண்டபத்து மேசையைத் துடைக்கப் போனபோது இரண்டும் ஒன்றாக நடந்தன. மேசையில் அந்த ஜெர்மன் ஊர்த் தேவாலயத்தின் எண்ணூறு வருட வரலாறு கிடந்தது, அச்சுக்குப் போவதற்கு முந்தைய தாள்களாக. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவள் இருந்தாள். "2006: பயிற்சியற்ற ஒரு துப்புரவுப் பெண்ணால் ஞானஸ்நானத் தொட்டிக்குச் சீராக்க முடியாத சேதம்."

துப்புரவுப் பெண்ணாம்! இருபத்தாறு வருடமாக அந்தக் கதவைத் திறந்து பூட்டுகிறவள் அவள். 1999இல் சேர்ந்தபோது கடுதாசியில் கிழமைக்கு ஆறு மணித்தியாலத் துப்புரவு வேலைதான் என்பது உண்மை. அதற்கு முந்தின வருடம்தான் ட்யோல்ல என்ற கிழவர் இளைப்பாறியிருந்தார். அவர் கியூஸ்டர். கோயிலைத் திறந்து, மெழுகுதிரி ஏற்றி, குருவானவரின் பூசை உடுப்பை எடுத்துவைத்து, மணிக்கூட்டைப் பார்க்கிற ஆள். அவருடைய இடத்துக்கு ஒருவரையும் எடுக்கவில்லை. கதவு தானாகத் திறக்குமா? இவள் திறந்தாள். மெழுகுதிரி தானாக எரியுமா? இவள் ஏற்றினாள். கடுதாசி மட்டும் அப்படியே கிடந்தது.

அவள் சைவக்காரி. வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடமாட்டாள், ஊன்ட்றொப்பில் தமிழர் கட்டிய காமாட்சி அம்மன் கோயில் தேருக்கு வருடம் தவறாமல் பாற்செம்பு எடுப்பாள். ஆனால் கோயில் என்றால் அவளுக்குக் கோயில்தான். பீடத்துப் படியில் சப்பாத்தோடு ஒருநாளும் கால் வைத்ததில்லை, பனி கொட்டுகிற தை மாதத்திலும் கழற்றிவிட்டுத்தான் ஏறுவாள். முதல் வருடம் ஊர்க் கிழவிகள் சிரித்தார்கள். மூன்றாம் வருடம் இரண்டு பேர் கம்பளிக் காலுறை பின்னிக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அந்தத் தொட்டி விஷயத்தில் பிழை அவளுடையதுதான். அதை அவள் மறைத்ததில்லை. ஆயர் வரப்போகிறார், தொட்டி கறுத்துக் கிடக்கிறது, கொஞ்சம் பளிச்சென்று ஆக்கிவிடுங்கள் என்று அன்றைய குருவானவர் சொன்னார். வெண்கலம் கறுத்தால் என்ன செய்வது என்று யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? தமிழ்க் கடையில் இரண்டு பக்கற் பழப்புளி வாங்கினாள், உப்புச் சேர்த்தாள், மூன்று நாள் முழங்கை கழன்றுபோகத் தேய்த்தாள். தொட்டி பொன்னாக நின்றது. ஆயர் தடவிப் பார்த்துப் பாராட்டினார். வரலாற்று வட்டத் தலைவர் டொக்டர் வெஸ்லிங் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். மூன்று மாதம் கழித்து ஒரு நிபுணர் வந்து தலையில் கை வைத்தார். அறுநூறு வருடமாக வெண்கலத்தில் படிந்த தோலாம் அது, புளியோடு போய்விட்டதாம். சொன்ன குருவானவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி அல்லவா, ஏச்சு முழுவதும் இவளுக்கே விழுந்தது. வாங்கிக்கொண்டாள்.

இன்றைக்குக் காது சிவந்தது அதற்காக இல்லை. அவள் மற்றப் பக்கங்களையும் புரட்டிவிட்டாள். முப்பதாண்டுப் போரில் கோயிலுக்குள் குதிரை கட்டிய படைத்தலைவனுக்குப் பெயர் இருந்தது. பழைய சுவரோவியங்களுக்கு மேல் சுண்ணாம்பு அடித்த குருவுக்குப் பெயரும் இருந்தது, அரைப் பக்கப் படமும் இருந்தது. கடைசியில் கியூஸ்டர்மாரின் பட்டியல். 1641இலிருந்து ஒருவர் விடாமல் வந்து, "ஹைன்றிக் ட்யோல்ல, 1998 வரை" என்று முடிந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு. வெறும் கோடு.

மகள் ஆரணியை அழைத்தாள். அவள் டுசல்டோர்ஃபில் காப்புறுதிக் கந்தோரில் வேலை.

"அம்மா, பிழை செய்த இடத்தில பேர் வராதது நல்லதுதானே? விடுங்கோ."

"விடேலாது பிள்ளை. குதிரை கட்டினவனுக்குப் பேர் இருக்கு. குதிரைச் சாணி அள்ளினவளுக்கு இல்லையோ?"

மூன்று மணிக்கு வரலாற்று வட்டம் கூடியது. கோப்பி ஊற்றுகிறவளும் அவள்தான். அன்று ஊற்றவில்லை. தாளைக் கொண்டுபோய் வெஸ்லிங்கின் முன்னால் வைத்தாள். அவள் ஜெர்மனில் கேட்டதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"பிழையைப் போட்டனீங்கள், சரி. என்ர பேர் எங்க?"

"டாட்டன்ஷுட்ஸ், ஃபிராவ் சிறீதரன்," என்றார் வெஸ்லிங், மிகவும் அன்பாக. "சட்டப்படி உயிரோடிருப்பவரின் தனிப்பட்ட விவரங்களை நாங்கள் பாதுகாக்க வேண்டும். உங்கள் நன்மைக்குத்தான்."

அவள் புத்தகத்தின் அட்டையை எடுத்தாள். அட்டை முழுவதும் தொட்டி, தகதகவென்று.

"இது எப்ப எடுத்த படம்?"

"ஆயர் வந்தபோது," என்றார் வெஸ்லிங், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி.

"நான் கெடுத்த தொட்டியை ஏன் முகப்பில போட்டனீங்கள்? மினுக்கம் வேணும், மினுக்கின கை வேண்டாமோ? மினுக்கச் சொன்ன சுவாமியின்ர பேரும் வேண்டாமோ? ஒப்புதல் படிவம் தாங்கோ, இப்பவே கையெழுத்து வைக்கிறன். தொட்டிக்கும் கடைசிப் பட்டியலுக்கும் பேரைப் போடுங்கோ."

ஏழு பேர் இருந்த மேசையில் ஒருவர் எழுந்துபோய் அலுமாரியைத் திறந்தார். படிவம் வந்தது. வைத்தாள். கவனிப்பதாக வெஸ்லிங் வாக்குக் கொடுத்தார்.

கவனித்துத்தான் இருந்தார். எண்ணூறாம் ஆண்டு விழாவுக்கு முதல்நாள் சனிக்கிழமை, முந்நூறு புத்தகங்கள் பெட்டியில் வந்து இறங்கின. வாசல் மேசையில் அடுக்கச் சொல்லி அவளிடமே சொல்லியிருந்தார்கள். முதற் புத்தகத்தில் நூற்றுப் பன்னிரண்டைத் திறந்தாள். "திருமதி சுந்தரேஸ்வரி சிறீதரன் என்ற துப்புரவுப் பெண்ணால் சேதம்." குருவானவரின் பெயர் இல்லை. கடைசிப் பக்கத்துக்குப் போனாள். ட்யோல்ல, 1998 வரை. கீழே அதே கோடு.

கெடுத்ததற்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். காத்ததற்குக் கோடு. காது சிவந்தது. பிறகு பூசை உடுப்பு வைக்கிற அறைக்குப் போய், ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதுகிற கறுப்புப் பேனையை எடுத்துவந்தாள். சப்பாத்தைக் கழற்றினாள். உட்கார்ந்து, கோட்டுக்கு மேலே நல்ல ஜெர்மன் எழுத்தில் எழுதினாள்: "சுந்தரேஸ்வரி சிறீதரன், 1999 முதல்." புத்தகத்தை மூடி மேசையில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

ஐந்து மணிக்கு வெஸ்லிங் பூச்சாடியோடு உள்ளே வந்தார். அவள் மடியில் திறந்திருந்த பக்கத்தைக் கண்டார். கழுத்துவரை சிவந்துபோனார்.

"என்ன செய்கிறீர்கள்?"

"வேலை செய்யிறன்," என்றாள் அவள், தலை நிமிராமல். "நூற்றி எண்பது முடிஞ்சுது, இன்னும் நூற்றி இருபது கிடக்கு. மற்றப் பேனை அறைக்குள்ள இருக்கு, டொக்டர். பீடத்தால போறதெண்டால் சப்பாத்தைக் கழட்டிப்போட்டுப் போங்கோ."