மாமனார் சோற்றில் கண்ட புழுக்கள்

எண்பதுகளில் நடந்தது. நடுக்குவாதத்துக்குப் புது மாத்திரை ஆரம்பித்ததும் என் மாமனாருக்குக் கை நடுக்கம் குறைந்தது. ஆனால், நான் போடும் சோற்றில் புழு நெளிவதாகச் சொல்லித் தினமும் தட்டைத் தள்ளினார். கேட்கவே எனக்குக் குமட்டும்.

ஒருநாள் கத்திவிட்டேன். "இன்னா மாமா, வேணும்னே பண்றீங்களா? துன்னாட்டி பட்டினியா கெடங்க!"

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு கவளத்தை மெல்லாமல் விழுங்கினார். அவர் உடம்பு கூசிச் சிலிர்த்தது.

"புழுவோடயே துன்னுட்றேம்மா. நீ கோச்சிக்காத."

அவர் கண்ணுக்கு அது நிஜப் புழு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டைப் பிடுங்கிக்கொண்டேன்.

மறுநாளே வில்லியனூரில் பஸ் ஏறி டாக்டரிடம் போனோம். "மாத்திரை பண்ற வேலைம்மா" என்று அளவைக் குறைத்தார். சில நாட்களில் புழுக்கள் மறைந்தன. கை மறுபடி நடுங்கியதால் நானே ஊட்டிவிட்டேன். அவர் நம்பி வாயைத் திறக்கும்போதெல்லாம் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.