ஆடாம உக்காருங்கப்பா!

வைரஸ் காய்ச்சல் என் காது நரம்பைத் தாக்கிய பிறகு, நிற்கும் தரையே படகுபோல ஆடியது. செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போவது நின்றது.

பிசியோதெரபி செய்த பெண் ஒரு பயிற்சி கொடுத்தார். நடுவில் ஒருவரை உட்காரவைத்து, அவர் முகத்தையே பார்த்தபடி சுற்றி நடக்க வேண்டும். அப்பா ஹாலின் நடுவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நான் கொஞ்சம் தள்ளாடினாலும் கைகளை நீட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். அவர் அசைந்தால் எனக்குத் தலை சுற்றும்.

"ஆடாம உக்காருங்கப்பா! எத்தன தடவ சொல்றது?" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

"நீ விழுற மாதிரி வர்றப்ப நான் எப்படிலா சும்மா உக்கார்றது?" என்றார், முகம் சுருங்கி.

நான் முழுதாகத் தேறுவதற்குள் மாரடைப்பில் அப்பா போய்விட்டார்.

சுடுகாட்டில் தண்ணீர்ப் பானையை என் தோளில் ஏற்றினார்கள். "சுத்த முடியுமாய்யா? தம்பிகிட்ட குடுத்துடலாமா?" என்று தாய்மாமா கேட்டார்.

"முடியும் மாமா."

பழகியபடி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு சுற்றினேன். நான் கேட்டதுபோலவே ஆடாமல் கிடந்தார்.

கடைசிச் சுற்றில் கால் பின்னி, பானையோடு சாய்ந்தேன். மாமா ஓடிவந்து பிடித்தார். அந்த நொடியிலும் என் கண் அப்பாவைத்தான் பார்த்தது.

அவர் கைகளை நீட்டவில்லை. அப்பா இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.