அண்ணன் குடிக்கும் நெருஞ்சித் தண்ணீர்

இன்று ராஜபாளையத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டு, அண்ணனோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் வந்தேன். சர்க்கரை நோய் அவருடைய சிறுநீரகத்தைக் கெடுக்கத் தொடங்கிவிட்டது. டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதியிருந்தார்.

எங்கள் பேச்சைக் காதில் வாங்கிய பக்கத்து சீட்காரர், யாரும் கேட்காமலே சொன்னார்: "நெருஞ்சி முள்ள அவிச்சுக் குடிங்க. மாத்திரையெல்லாம் எதுக்கு?"

அண்ணன் சிரித்தார். "மாத்திரைய நிறுத்திட்டு, பொங்கல்ல இருந்து அதத்தான் குடிக்கேன். நம்ம பட்டாளத்துக் கூட்டாளி செண்பகத்தோப்புக் காட்டுல பறிச்சுத் தாரான்."

"பொறவு டாக்டர்கிட்ட மாத்திரை சாப்பிடுதேன்னு ஏண்ணே சொன்னிய?"

"இல்லேன்னா அவரு மனசு நோகும்லா, ஏட்டி."

பஸ் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

செடிகளில் சிறுநீரகத்தைக் காக்கும் பொருள் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் அதைப் பிரித்தெடுத்து எலிக்குக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். அந்த எலிக்குக்கூட எடை பார்த்து அளந்துதான் கொடுப்பார்கள். என் அண்ணனுக்குக் கூட்டாளியின் கைப்பிடிதான் அளவு.

உங்கள் வீட்டில் யாருடைய கைப்பிடி?