பாதி வெட்டிய தலையும் இரண்டு கஞ்சா நாற்றும்

என் வீட்டுக்காரர் தவத்துக்குப் பிழைப்பே பொறாமைதான். சண்டை மீன் வளர்க்கிறார். பின்கட்டு முழுக்கச் சதுரப் பாட்டில்கள். பாட்டிலுக்கு ஒரு மீன், ஒவ்வொரு இரண்டு பாட்டிலுக்கும் நடுவில் ஒரு காகித அட்டை. அட்டையை எடுத்தால் போதும், பக்கத்து மீனைப் பார்த்ததும் செவுளை விரித்து, வாலைப் பரப்பிக்கொண்டு முறைக்கும். தினமும் சாயங்காலம் கொஞ்ச நேரம் அட்டைகளை எடுத்துவிட்டு மறுபடி வைப்பார். பார்க்கவே விடவில்லை என்றால் மீன் சோம்பிப்போகுமாம். ரொம்ப நேரம் பார்க்கவிட்டால் ஆத்திரத்தில் தன் வாலையே கடித்துக்கொள்ளுமாம். மீனுக்குப் பார்க்கிற இந்த அளவை அவர் தனக்குப் பார்த்துக்கொண்டதே இல்லை.

கல்யாணமான புதிதில் மீன் தீனிக் கடைக்காரன் என்னிடம் சிரித்துப் பேசினான் என்று அந்தக் கடையையே விட்டவர் அவர். இப்போது அவர் கண்ணில் விழுந்த தூசி, பக்கத்துச் சலூன்காரன் கசேம். எங்களை விட வயதில் சின்னவன், கல்யாணமாகாதவன், எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பான். காலையில் என் நூடுல்ஸ் கடைக்கு வந்து, "அக்கா சூப்பு மாதிரி நம்ம நக்கோன் பதோம் ஊர்லயே கிடையாது" என்பான். அதைக் கேட்டால் உள்ளே பாட்டில்கள் உருளும் சத்தம் கேட்கும்.

அவரை மட்டும் சொல்லி என்ன. எனக்கும் ஒருத்தி இருந்தாள். சந்து முனையில் நூடுல்ஸ் கடை போட்டிருக்கிற பிம்பா. அந்த வருடம் ஜூன் மாதம், எங்கள் நாட்டில் கஞ்சாவை வீட்டிலேயே வளர்க்கலாம் என்று சட்டம் வந்ததும், அவள் தன் சூப்பில் ஒரு இலையை மிதக்கவிட ஆரம்பித்தாள். ஒரே ஒரு இலைதான். அதற்கு என் வாடிக்கைக்காரர்களே என் கடையைத் தாண்டிப் போய் அவள் கடையில் நின்றார்கள். அதிலும் சிலர் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

புரிராமில் இருக்கிற என் அண்ணன் ஒரு தீப்பெட்டியில் விதை போட்டு அனுப்பினான். முறைப்படி அரசாங்கத்திடம் போனில் பதிவும் செய்தாயிற்று. விதைப்பதுதான் பாக்கி. தீப்பெட்டியைத் தவத் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"உயிர வளர்க்கறது என் வேலை. நீ போயி சூப்பப் பாரு."

சீக்கு வந்த மீனுக்கு நாட்டு பாதாம் இலை ஊறிய தண்ணீரில் வைத்தியம் பார்ப்பார். முதல் தவணை விதையையும் அந்தக் காப்பி நிறத் தண்ணீரில் போட்டார். ஒரு ராத்திரி ஊறினால் போதும் என்று அண்ணன் போனில் படித்துப் படித்துச் சொன்னான். இவரோ, "அது இன்னும் தெளியல" என்று விட்டுவைத்தார், மீன் தெளிகிற மாதிரி. விதைக்கும் மூச்சு வேண்டும் அல்லவா? உப்பி, நாற்றமடித்துக் கரைந்தது.

இரண்டாம் தவணைக்கு ஒரு வீடியோ கிடைத்தது. கம்பளித் தொப்பி போட்ட வெள்ளைக்காரன் ஒருவன், ஈர டிஷ்யூவில் விதையை மடித்துக் கதகதப்பான இடத்தில் வைக்கச் சொன்னான். அவன் ஊரில் பனி கொட்டுகிறது. நம் ஊரில் மழைக்காலத்திலும் வெறுமனே உட்கார்ந்திருந்தாலே சட்டை நனைகிறது. இவர் அதைக் கொண்டுபோய் ரைஸ் குக்கர் மூடிமேல் வைத்தார்.

"முளைக்கட்டும்னு வெச்சீங்களா, வேகட்டும்னு வெச்சீங்களா?" என்று கேட்டேன்.

"பொறாமைல பேசாத" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை!

தீப்பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது. இதுவும் போனால் பிம்பாவின் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஈ ஓட்ட வேண்டியதுதான். மீதியிருந்ததில் இரண்டை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். காலையில் சூப் கிண்ணத்தோடு சேர்த்துக் கசேமிடம் கொடுத்தேன்.

"தம்பி, ஈரத் துணில மடிச்சு நிழல்ல வை. வெள்ளையா முளை எட்டிப் பாத்ததும் நகத்தளவு ஆழத்துல புதை. மண்ணு ஈரமா இருந்தாப் போதும், சொதசொதன்னு ஆக்கிடாத. முக்கியமா தோண்டிப் பாக்காத."

"அண்ணன்கிட்ட சொல்லலையாக்கா?"

"அவரால ஆகாதுப்பா" என்றேன். சும்மா வாய்க்கு வந்ததுதான்.

என் நீலப்பூப் போட்ட கிண்ணங்கள் இரண்டில், ஓரம் உடைந்து ஒதுக்கி வைத்தவை, அடியில் ஓட்டை போட்டு அவன் விதைத்தான். கண்ணாடிக்கு முன்னால், சீப்புகளுக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவில் வைத்தான். கண்ணாடிக்கு மேலே வெள்ளை டியூப்லைட். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை எரியும். கண்ணாடியும் தன் பங்குக்கு வெளிச்சத்தைத் திருப்பி அடித்தது. அவனுக்குச் செடியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அவன் கடை அப்படி அமைந்துவிட்டது. நாற்றுகள் குட்டையாக, தண்டு தடித்து, கரும்பச்சையாக நின்றன. அதைப் பார்க்கிற ஆசையில் கசேமுக்குச் சூப்பை நானே தினமும் சலூனுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தேன்.

எங்கள் வீட்டிலும் மூன்றாம் தவணை முளைத்தது. முளைத்ததா என்று அவர் பல்குத்தும் குச்சியால் கிளறிக் கிளறிப் பார்த்ததில் பாதி செத்தது. பிழைத்ததை மீன் தொட்டியின் நீல விளக்குக்குக் கீழே வைத்தார். விளக்கோ கூரைக்குப் பக்கத்தில் தொங்கியது. வெளிச்சம் எங்கே எங்கே என்று கழுத்தை நீட்டி நீட்டி, பயறு முளைபோல் வெளுத்து வளர்ந்து, ஒரு காலையில் எல்லாம் குப்புறக் கிடந்தன. அன்று அவர் சாப்பிடவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் அந்த இரண்டைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அந்த வாரமே அவருக்கு முடி வெட்டும் நாள் வந்தது. வேறு சலூனுக்குப் போனால் கசேமைக் கண்டு பொறாமை என்று சந்தில் பேசுவார்களாம், அதற்காகவே அவனிடம்தான் போவார். அவர் வருவதைப் பார்த்துக் கசேம் கிண்ணங்கள்மேல் துண்டைப் போட்டு மூடியிருக்கிறான். பாதித் தலை வெட்டியதும், கழுத்து முடியைத் தட்ட அந்தத் துண்டையே உருவிவிட்டான் மடையன்.

நான் கடையில் நூடுல்ஸ் அவித்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் வெள்ளைத் துணி பறக்க, ஒரு பக்கம் ஒட்ட வெட்டி, மறு பக்கம் புதராக, தவத் வந்து நின்றார். பின்னாலேயே கத்திரியோடு கசேம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் வாயை மூட மறந்தார்கள்.

"என் வீட்டுக் கிண்ணம் அவன் கண்ணாடிக்கு முன்னாடி என்னடி பண்ணுது?"

"செடி வளருது. கண்ணு தெரியலையா?"

"தினம் சூப்ப எடுத்துக்கிட்டுப் போறியே, தண்ணி ஊத்தத்தானா? இல்ல, அவன் பாட்டக் கேக்கவா?"

"ஆமா, கச்சேரி கேக்கப் போறேன்! ஏங்க, அது என் விதை, என் கிண்ணம். எங்க வெச்சா உங்களுக்கென்ன?"

கசேம் நடுவில் வந்தான். நல்லவன்தான், ஆனால் நல்லவர்களுக்கு நாக்கில் பூட்டு கிடையாது. "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அப்படி ஒண்ணும் இல்ல. அண்ணனால ஆகாதுன்னுதான் அக்கா எங்கிட்ட குடுத்தாங்க."

தவத்தின் முகத்தில் இருந்த ஆத்திரமெல்லாம் வடிந்துவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அப்படிச் சொன்னியா, மாலி?"

"சொன்னேன்."

"உயிர வளர்க்கறதத் தவிர எனக்கு வேற என்ன தெரியும்? என்னால ஆகாதுன்னு… போயும் போயும் இவன்கிட்ட."

வீட்டுக்குள் போனார். மறுநாள் தொப்பி போட்டுக்கொண்டு திரிந்தார். சாயங்காலம் அட்டைகளை எடுக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் பெரிய மரப்பெட்டியை இழுத்துப் போட்டு, பாட்டில்களை வைக்கோலில் பொதிந்து அடுக்க ஆரம்பித்தார். சுபான்பூரிக்கு, தன் அண்ணன் வீட்டுக்குப் போகிறாராம். துணியை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் கோபம், இரண்டு நாளில் திரும்பி வருவார். மீன்களை எடுத்துக்கொண்டு போனால் வரமாட்டார். அவர் இல்லாத வீட்டில் நான் எந்த இலையை எந்தச் சூப்பில் போட்டு யாரை ஜெயிப்பது?

நேராகச் சலூனுக்குப் போனேன். இரண்டு கிண்ணங்களையும் தூக்கிக்கொண்டு வந்து அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இந்தாங்க. இது ரெண்டுதான் மிச்சம். கொன்னாலும் நீங்களே கொல்லுங்க, இனி வேற ஆள் கைல குடுக்க மாட்டேன்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அழுதுகொண்டே பாத்திரம் விளக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது தரையில் குந்தி உட்கார்ந்து, சீக்கு மீனைப் பார்க்கிற மாதிரி நாற்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விளக்க எவ்வளவு கிட்ட வெச்சிருந்தான்?"

"நான் அளந்தா பாத்தேன்? போய்ப் பாருங்க. பாதித் தலையும் அங்கதான பாக்கி நிக்குது."

உதட்டைக் கடித்துக்கொண்டு போனார். மறுபாதியை வெட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது ஒரு கையில் கசேம் கொடுத்த பழைய டியூப்லைட், இன்னொரு கையில் அவனுடைய நீளச் சீப்பு. அந்தச் சீப்பின் நீளம்தான் இலைக்கும் விளக்குக்கும் இடைவெளியாம். டியூபைத் தாழ்வாகக் கட்டி, சூடு தாக்குகிறதா என்று இலை உயரத்தில் புறங்கையை நீட்டிப் பார்த்தார். எல்லாம் சரியானதும், கை பழக்கத்தில் இரண்டு கிண்ணத்துக்கும் நடுவில் ஒரு அட்டையை வைத்தார். நான் சிரித்துவிட்டேன். அவருக்கு எதற்கென்று புரியவில்லை.

மரப்பெட்டியிலிருந்து பாட்டில்கள் ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்குத் திரும்பின. நாற்றுகளும் பிழைத்தன, இலை விட்டன.

ஒரு சாயங்காலம் கசேம் பாடிக்கொண்டே பின்கட்டுக்கு வந்தான். "அண்ணே, என் பிள்ளைங்க எப்படி இருக்கு?"

"உன் பிள்ளைங்களா?" தவத் சட்டென்று நடுவில் இருந்த அட்டையை உருவி, செடிகளுக்கு முன்னால் மறைத்துப் பிடித்தார். கசேம் என்னைப் பார்த்தான்.

பிறகு அவரே தானாக அட்டையைக் கீழே இறக்கினார்.

"சரி, பாத்துக்க" என்றார். "ரொம்ப நேரம் பாக்காத."