விலை உயர்ந்த மவுத்பீஸுக்கு நான் வைத்த பரீட்சை

என் சாக்ஸபோன் வாசிப்பை முதன்முதலில் விமர்சித்தவை வாத்துகள். சம்பா அறுவடை முடிந்த வயலில், மேய்ச்சலுக்கு ஓட்டிவந்த கூட்டம் ஒன்று பரவிக் கிடந்தது. நான் எங்கள் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்று பயிற்சி செய்துகொண்டிருந்தேன். வீட்டில் வாசித்தால் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுகிறது என்பதால் எனக்கு அந்த இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. வரப்பில் வந்த அப்பா கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"வாத்துக்காரன் நம்ம கொட்டாயிலயும் ஒரு கூட்டத்த எறக்கிட்டானோன்னு பாக்க வந்தேன்" என்றார்.

அதில் பாதி கேலி, பாதி உண்மையான சந்தேகம். நான் கருவியைக் கீழே இறக்கியதும் வாத்துகளும் சத்தத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் பார்த்தன. அப்பா சொன்னதைவிட அதுதான் எனக்கு உறைத்தது.

நான் தஞ்சாவூரில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். விடுதியில் தங்கிப் படித்தபோது பள்ளி பேண்டில் சேர்ந்தேன். கிளாரினெட் கேட்டேன், ஆள் இல்லாமல் மிச்சமிருந்தது சாக்ஸபோன். அப்படித்தான் இது என் கழுத்தில் விழுந்தது. இப்போது முகூர்த்த நாட்களிலும் மாதா கோயில் திருவிழாக்களிலும் ஒரு பேண்டு செட்டில் வாசிக்கிறேன். சிவப்புக் கோட்டும் வெள்ளைக் கால்சட்டையும் கொடுப்பார்கள். காலுக்கு என்ன போடுவது என்பது அவரவர் பாடு.

இந்த வருடம் எங்கள் ஊர்த் திருவிழாவின் கொடியேற்றத்துக்கு எங்கள் செட்டையே கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கொடி பஸ் நிறுத்தத்திலிருந்து புறப்பட்டு, மேலத்தெரு வழியாகக் கோயிலுக்கு வரும். அந்தத் தெரு முழுவதும் கொடிக்கு முன்னால் ஒரே ஒரு கருவிதான் மாதா பாட்டை வாசித்துக்கொண்டு நடக்கும். மற்றவர்கள் வாசிக்காமல் பின்னால் நடந்து, கோயில் வாசலில்தான் சேர்ந்துகொள்வார்கள். இப்படித் தனியாக வாசிக்கும் வேலை எங்கள் செட்டில் எப்போதும் டிரம்பெட் அண்ணனுடையது. மற்ற நாட்களில் லேத் பட்டறை நடத்துகிறவர். அவருடைய டிரம்பெட் ஒலி இரும்பைக் கடைந்தெடுத்தது போலவே இருக்கும்.

"உங்க ஊருதானே" என்றார் எங்கள் பேண்டு மாஸ்டர் என்னிடம். "கடைசி ரிகர்சல்ல கேப்பேன். சவுண்டு வந்துச்சுன்னா நீ வாசி. வரலன்னா எப்பவும் போல அவரு."

"வராது மாஸ்டர், கஷ்டம்" என்றார் டிரம்பெட் அண்ணன். "சார் வாசிச்சா கொடிக்குப் பின்னால வாத்துதான் வரும்." அப்பா சொன்னதை அவரிடம் சொன்னது என் தவறு.

மேலத்தெருவில் அப்பாவுக்கு முன்னால் நான் தனியாக வாசித்துக்கொண்டு நடக்க வேண்டும். வேறெதையும் அந்த மாதம் நான் நினைக்கவில்லை. படித்தவன் என்ன செய்வான்? படிக்க ஆரம்பித்தேன். சாக்ஸபோன் ஒலிக்கு, வாயில் வைத்து ஊதுகிற மவுத்பீஸ்தான் எல்லாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். உள்ளே காற்று போகும் குழிவு, நுனியில் அதிர்கிற நாணல் தகடான ரீடுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி, செய்த பொருள் என்று படம் போட்டு விளக்கியிருந்தார். இன்னொருவர், எல்லாம் வாசிக்கிறவனின் வாயில் இருக்கிறது என்று அதே அளவு கோபத்துடன் எழுதியிருந்தார். நான் முதலாமவரை நம்பினேன். அவர் சொல்வது உண்மையானால் என் வாத்துக் குரலுக்கு நான் பொறுப்பில்லை, பாருங்கள்.

வாங்கிவிட்டேன். வெளிநாட்டுச் சரக்கு. அதன் விலையை இங்கே எழுதப் போவதில்லை. அப்பாவுக்கு யாராவது படித்துக் காட்டிவிடுவார்கள். என் பழைய மவுத்பீஸ், சாக்ஸபோன் வாங்கியபோது இனாமாக வந்த பிளாஸ்டிக். நுனியில் என் பல் பதிந்து ஒரு பள்ளமே இருக்கும். அதைப் பையில் போட்டேன். புதியதை வீட்டில் என் மேசையில், புத்தகங்களுக்குப் பக்கத்தில், மடித்த கைக்குட்டையின் மேல் வைத்தேன்.

முதல் ஊதலிலேயே வித்தியாசம் தெரிந்தது. காற்று தடையில்லாமல் போனது. ஒலி உருண்டு திரண்டு வந்தது. அடுத்த ரிகர்சலில் நான் இதைச் சொன்னதும் டிரம்பெட் அண்ணன் சிரித்தார்.

"சத்தம் அதேதான் சார். உங்க மூஞ்சிதான் மாறிருக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இயற்பியல்காரனுக்குக் கோபம் வந்தால் நோட்டை எடுப்பான். "பரீட்சை வச்சுப் பாத்துருவோம்ண்ணே" என்றேன்.

எங்கள் ரிகர்சல் ஒரு அரிசிக் கடையின் மாடி அறையில் நடக்கும். எல்லோரையும் சுவரைப் பார்த்து உட்கார வைத்தேன். ஒரே பாட்டு, ஒரே ரீடு, ஒரே வேகம். மின்விசிறியைக்கூட நிறுத்தினேன். நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, பூ விழுந்தால் புதியது, தலை விழுந்தால் பழையது. புதியது அங்கிருந்த மேசைமேல் இருந்தது, பழையது மூலையில் என் பையில். எதை வாசித்தாலும் இன்னொன்றையும் ஒருமுறை தொட்டு வைத்தேன். எடுக்கும் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதல்லவா. மாறக்கூடியது ஒன்றே ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் மாறாமல் இருக்க வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்புக்குத் தொண்டை வறளச் சொல்லிக்கொடுக்கிறவன் நான்.

பத்து முறை வாசித்தேன். டிரம்பெட் அண்ணன் ஒவ்வொரு முறையும் சுவரைப் பார்த்தபடியே "புதுசு", "பழசு", "பழசு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பத்தும் சரி.

நோட்டைத் தூக்கிக் காட்டினேன். என் வாழ்நாளில் எந்த மதிப்பெண் பட்டியலையும் அவ்வளவு சந்தோஷமாக யாரிடமும் காட்டியதில்லை. "இப்ப என்ன சொல்றீங்க?" என்றேன்.

"மவுத்பீஸப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே சார்" என்றார் அவர் திரும்பிப் பார்த்து. "கீழ பாருங்க."

கீழே பார்த்தேன். என் கால்கள் வெறுமையாக இருந்தன. ரப்பர் செருப்பு ஜோடி மேசைக்கு ஓரடி முன்னால் கிடந்தது.

"புதுச வாசிக்கப் போறப்பல்லாம் சப்பு சப்புன்னு கழட்டுறீங்க. பழசுன்னா திரும்பப் போட்டுக்கறீங்க. ஏதோ பூசைக்குப் போறாப்புல. நான் பாட்டக் கேக்கவே இல்ல, செருப்பத்தான் கேட்டேன்."

செட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் சிரித்தார்கள். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நான் சத்தியமாக அறிந்து செய்யவில்லை. அது அப்பா என் காலுக்குள் போட்டு வைத்த பழக்கம். அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் நான் முதல் வகுப்புப் புத்தகம் கொண்டு வந்த நாளிலிருந்து, புத்தகம் இருக்கிற பக்கம் செருப்போடு போகக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அதோடு சேர்ந்த இன்னொரு சட்டமும் உண்டு: மனுசனுக்காகச் செருப்பைக் கழற்றக் கூடாது. மேலத்தெருவில் என் தாத்தா காலத்தில் எங்கள் ஆட்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடந்தார்கள். அந்தத் தெரு வழியாகப் போகும்போது சின்ன வயதில் நான் வெறுங்காலோடு இருந்தால் அப்பா வீட்டுக்குத் திருப்பி அனுப்பிச் செருப்பு போட்டுவரச் சொல்வார். புதிய மவுத்பீஸ் வந்த நாளிலிருந்து வீட்டில் புத்தக மேசையில் இருந்தது. அதனால் அது என் காலுக்குப் புத்தகமாகிவிட்டது. பையில் கிடந்தது வெறும் பிளாஸ்டிக்.

மாஸ்டர் திரும்பவும் வைக்கச் சொன்னார். இந்த முறை செருப்பு வாசலுக்கு வெளியே. பத்து முறை வாசித்தேன். டிரம்பெட் அண்ணனுக்கு நான்கு சரி, ஆறு தவறு. மாஸ்டருக்கு ஐந்து. என் செல்போனில் பதிவு செய்ததைப் பிறகு நானே போட்டுக் கேட்டேன், எனக்கும் பிடிபடவில்லை.

ஆனாலும் வாசிக்கும்போது எனக்கு வித்தியாசம் தெரியத்தான் செய்தது. அதை மறைத்தால் பொய் சொன்னவனாவேன். மேல்பல் மவுத்பீஸின்மேல் அழுந்துகிறது; அதிர்வு எலும்பு வழியாக மண்டைக்குள் ஏறுகிறது. அந்த ஒலி எனக்கு மட்டும் கேட்பது. அவ்வளவு விலை கொடுத்து நான் வாங்கியது, என் தலைக்குள் மட்டும் நடக்கும் ஒரு கச்சேரி.

"ஒண்ணு கவனிச்சேன்" என்றார் மாஸ்டர். "செருப்பு இல்லாதப்ப ரெண்டுமே நல்லாருக்கு. பாதம் பதிஞ்சு நிக்கிற, மூச்சு வயித்துலேர்ந்து வருது. செருப்போட நின்னா பஸ்ஸப் புடிக்கப் போறவன் மாதிரி வாசிக்கிற. எத வேணும்னாலும் வாயில வச்சுக்க. கொடிக்கு நீயே வாசி. வெறுங்காலோட வாசி."

டிரம்பெட் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "சரி சார். வாத்தும் வெறுங்காலோடதான் நடக்குது."

வெறுங்கால், மேலத்தெரு. மாடிப்படி இறங்கும்போதுதான் இரண்டையும் சேர்த்து நினைத்தேன். செருப்போடு வாசிக்கவும் முயன்றேன். மூன்று நாள் மோட்டார் கொட்டகையில் செருப்பு போட்டுப் பயிற்சி செய்தேன். கழற்றியதைத் தெரிந்துகொண்ட பிறகு, போட்டிருப்பதும் காலில் கல்லைக் கட்டியது போல உறுத்தியது. கடைசியில் சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன்.

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "கழட்டச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலப்பா. கழட்டுனா சத்தம் நல்லா வருது. பரீட்சை வச்சுப் பாத்துட்டோம்."

"அந்தத் தெருவுல யாராச்சும் சொன்னாங்களா?"

"இல்லப்பா. சாக்ஸபோனுக்காகத்தான்."

"புத்தகம் மாதிரியா?"

"ஆமா. அந்த மாதிரிதான்."

அப்பா குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சம்மதமா இல்லையா என்று தெரியாமலே நான் கை கழுவினேன்.

கொடியேற்றத்தன்று மாலை, வெயில் தாழ்ந்த பிறகு, பஸ் நிறுத்தத்தில் கூடினோம். சாலையின் ஒரு பக்கம் நெல் காயப்போட்டிருந்தார்கள். நான் சிவப்புக் கோட்டும் வெறுங்காலுமாகக் கொடிக்கு முன்னால் நின்றேன். தார் இன்னும் சுட்டது. முதல் சுரத்தை எடுத்து நடக்க ஆரம்பித்ததும் எனக்கு வலப்பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. டப், டப், டப். திரும்பாமல் கண்ணை மட்டும் ஓட்டினேன். அப்பா. வெள்ளை வேட்டி. காலில், என் முதல் சம்பளத்தில் நான் வாங்கிக் கொடுத்து அவர் போடாமலே வைத்திருந்த தோல் செருப்பு. யாரையும் பார்க்கவில்லை. தெருவின் நடுவில், என்னோடு சமமாக, ஒவ்வொரு அடியையும் அழுத்தி வைத்து நடந்து வந்தார். எங்கள் இருவர் கணக்கிலும் சேர்த்து அவர் ஒருவரே செருப்புப் போட்டுக்கொண்டது போலிருந்தது. அதன்பிறகு தார் சுடுவது எனக்குத் தெரியவில்லை. மூச்சு வயிற்றிலிருந்துதான் வந்தது.

கோயில் வாசலில் செட் மொத்தமும் சேர்ந்துகொண்டது. வாசித்து முடித்ததும் டிரம்பெட் அண்ணன் அப்பாவிடம் போனார்.

"அப்பா, நீங்க தாளம் போடுறதா இருந்தா ரிகர்சலுக்கு வந்துருக்கணும். பாதித் தெரு வரைக்கும் எதுகூடவும் சேரல."

"நான் எங்க தம்பி தாளம் போட்டேன்" என்றார் அப்பா. "நடந்தேன்." பிறகு என்னைப் பார்த்து, "வாத்துச் சத்தம் இல்ல இன்னைக்கு" என்றார்.

அன்று எந்த மவுத்பீஸைப் போட்டிருந்தேன் என்று பலர் கேட்டுவிட்டார்கள். பதிவு செல்போனில் இருக்கிறது. போட்டுக் காட்டி, நீங்களே சொல்லுங்கள் என்கிறேன். இதுவரை ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் கேட்கிற எல்லோரும், இடையில் டப் டப் என்று வருகிறதே, அது யார் என்று கேட்காமல் இருப்பதில்லை.