மைனஸ் நானூறு மூடி

இன்று விளாங்குடி பஸ்ஸில் கருப்பையா அண்ணனைப் பார்த்தேன். எண்பத்தெட்டில் எங்கள் டிபன் பாக்ஸ் கம்பெனியின் ஸ்டோர்கீப்பர்.

புதிதாக வந்த கம்ப்யூட்டரில் அன்றாட உற்பத்தியைப் பதிவது என் வேலை. முடிந்த டப்பாக்களின் எண்ணிக்கையைப் போட்டாலே, அது மூடிகளை இருப்பிலிருந்து தானாகக் கழித்துவிடும். அது தெரியாமல் நானும் ஒருமுறை கழித்துவிட்டேன்.

இருப்பு: மைனஸ் நானூறு மூடி!

அண்ணன் மேல் மேனேஜர் பாய்ந்தார். "நானூறு மூடியை எங்கய்யா வித்த?"

"இருக்குற மூடியத் திருடலாம் சார். இல்லாத மூடிய எப்பிடி சார் திருடுறது?"

தவறு என்னுடையது என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

இன்று அண்ணன் சிரித்தார். "அந்த ரெண்டு நாளும் என் வீட்டுக்காரி பரண் மேல ஏறி மூடி தேடுனாம்மா!"

தவறை ஒப்புக்கொள்ள நீங்கள் எத்தனை நாள் எடுத்தீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.